இரண்டு ஓ.பி. தேதிகளுக்கு நடுவே: நீண்டகால நரம்பு நோயோடு வாழ்பவர்களுக்கு உதவி எங்கே?

காலை ஐந்தரை மணிக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி வண்டிக்கு நிற்பவர்களைப் பார்த்தாலே தெரியும், யார் யார் ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்று. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் எம்.ஆர்.ஐ. படம், பழைய சீட்டுகள், ஒரு தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ். என் பெரியப்பாவோடு நானும் அந்த வண்டியில் பல முறை போயிருக்கிறேன். அவருக்குப் பார்க்கின்சன் நோய், தமிழில் நடுக்குவாதம். கிளம்புகிற நாளில் பெரியம்மா நாலு மணிக்கே எழுந்துவிடுவார். பெரியப்பாவின் சட்டைப் பொத்தான்களை அவர்தான் போட்டுவிட வேண்டும். பெரியப்பா தையல்காரர். நாற்பது வருடம் ஊரார் சட்டைக்கெல்லாம் காஜா எடுத்துப் பொத்தான் தைத்த கை அது.

டாக்டர் நன்றாகத்தான் பார்த்தார். மணிக்கட்டை மடக்கிப் பார்த்து, நடக்கச் சொல்லி, மாத்திரையின் அளவை மாற்றி எழுதி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். சரி, அந்த மூன்று மாதம்? பொத்தான் யார் போடுவது, குளியலறையில் விழுந்தால் யார் தூக்குவது, கடையை மூடிய பிறகு வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது? நரம்பு நோயோடு வாழும் எல்லா வீட்டிலும் இந்தக் கேள்விகள்தான். இவற்றுக்கு உதவி இருக்கிறது. ஆனால் அது ஓரிடத்தில் இல்லை. ஐந்தாறு துறைகளில், இரண்டு அரசுகளில் சிதறிக் கிடக்கிறது. அதைத் தேடி அலைந்ததில் நான் புரிந்துகொண்டது ஒன்று. உங்களுக்கு என்ன நோய் என்று கேட்டு உதவி வருவது குறைவு. அந்த நோயால் தினமும் எதைச் செய்ய முடியவில்லை என்று எடுத்துச் சொல்லத் தெரிந்தால்தான் கதவு திறக்கிறது.

நீண்டகால நரம்பு நோய் என்று சொல்லும்போது பல நோய்கள் சேர்ந்து வருகின்றன. பக்கவாதம், வலிப்பு, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய் எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தசைச்சிதைவு, மறதிநோய், விபத்தில் வந்த தலைக்காயம், தண்டுவடக் காயம் எல்லாம் இதில் அடக்கம். பிறவியிலேயே மூளை முடக்குவாதத்தோடு பிறந்து இன்று முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்களும் உண்டு. அவர்களைக் குழந்தைகளாகவே நினைத்து மறந்துவிடுகிறோம். எலும்பு உடைந்தால் ஒட்டும், தோல் கிழிந்தால் மூடும். மூளையிலும் தண்டுவடத்திலும் செத்துப்போன நரம்புச் செல் பெரும்பாலும் திரும்ப முளைப்பதில்லை. மிச்சம் இருக்கும் பகுதி புதிதாகப் பழகிக்கொள்வதுதான் தேறுதல். அதற்குப் பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். அதனால் இந்த நோய்களில் மருந்துக்குச் சமமான இடம் வீட்டில் கிடைக்கும் உதவிக்கும் உண்டு.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லா உதவிக்கும் முதல் சாவி அங்கேதான். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாற்றுத்திறன் என்பது ஏழே வகை. பார்க்கின்சன் வந்தவர் அதில் எங்குமே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகையாக விரித்தது; 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகள் என்று தனித் தலைப்பு வைத்து, அதன் கீழ் தண்டுவட மரப்பு நோயையும் பார்க்கின்சனையும் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். தசைச்சிதைவும் மூளை முடக்குவாதமும் கை கால் இயக்கக் குறைபாட்டில் வருகின்றன. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனவரும் அந்தப் பிரிவில்தான் மதிப்பிடப்படுவார். பலருக்குத் தெரியாத ஒன்று: பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டால் அது பேச்சு, மொழிக் குறைபாடு என்ற தனி வகை. கையை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள், பேச்சையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லுங்கள்.

மறதிநோய் பட்டியலில் அந்தப் பெயரில் இல்லை. ஆனால் மனநோய்க்கான வரையறையில் நினைவாற்றலும் இடம், காலம் அறியும் திறனும் கெட்டுப்போவது சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வழியாகத்தான் போக வேண்டும். அப்பாவுக்கு மனநோய் என்று எழுதுகிறார்களே என்று பிள்ளைகள் சங்கடப்பட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள். அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது ஒரு படிவத்தின் தலைப்பு, அவ்வளவுதான். வலிப்பு மட்டும் இருந்து வேறு குறைபாடு இல்லையென்றால் இந்தப் பட்டியலில் இடமே இல்லை. வலிப்பு உள்ளவர்களுக்கு இது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். வாரம் ஒரு முறை விழுகிறவரை யார் வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள்?

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையவழியிலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். அப்புறம் மருத்துவக் குழு நேரில் பார்த்து, பாதிப்பு எத்தனை சதவீதம் என்று போடும். 40 சதவீதம் என்பது எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருந்தால் பெரும்பாலான சலுகைகள் இல்லை. பெரியப்பா வழுக்கியது இங்கேதான்.

முதல் தடவை மதிப்பீட்டுக்குப் போன அன்று, வழியில் சிரமப்படக் கூடாதே என்று பெரியம்மா சரியாக ஒன்பது மணிக்கு லீவோடோபா மாத்திரையைக் கொடுத்துவிட்டார். பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். அந்த நேரத்துக்கு மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. பெரியப்பா எழுந்தார், நடந்தார், திரும்பினார், சிரித்துக்கூடப் பேசினார். முப்பது சதவீதம் என்று எழுதினார்கள். மத்தியானம் ஒன்றரைக்கு அதே வளாகத்தில் ஒரு மரத்தடி பெஞ்சிலிருந்து அவரை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டோம். நடுமூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் குறைந்துபோவதுதான் பார்க்கின்சன். வெளியிலிருந்து கொடுக்கும் மருந்து அந்த டோபமின் ஆக மாறி, சில மணி நேரம் உடம்பை இயங்க வைத்துவிட்டுத் தீர்ந்துபோகும். சில வருடங்கள் கழித்து அந்த நல்ல நேரம் குறுகிக்கொண்டே வரும். ஒரே ஆள் பத்து மணிக்கு ஒருவர், ஒன்றரைக்கு வேறொருவர்.

இரண்டாம் தடவைக்கு முன் பெரியம்மா ஒரு பழைய நாற்பது பக்க நோட்டில் இரண்டு வாரம் எழுதி வந்தார். அவர் எழுத்திலேயே சொல்கிறேன்: "காலை 6 – எழ முடியல. 6.45 மாத்திரை. 7.30 நடந்தாரு. 10.30 கை நடுக்கம், டம்ளர் புடிக்கல. ராத்திரி 2 – பொரள முடியல, நான் திருப்பிப் படுக்க வச்சேன்." ராத்திரிக் காட்சியைப் போனில் வீடியோவும் எடுத்திருந்தோம். மருந்தின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்கினோம். இந்த முறை நாற்பதைத் தாண்டியது. நோய் மாறவில்லை, மருத்துவக் குழு கண்ணுக்குத் தெரிந்தது மாறியது. தண்டுவட மரப்பு நோய்க்கும் இது அப்படியே பொருந்தும். அது வந்து வந்து போகும் நோய். உடம்புச் சூடு ஏறினால் கண் மங்கும், கால் துவளும். கத்திரி வெயிலில் கடலூரில் நடக்கவே முடியாதவர் மார்கழியில் மாடிப்படி ஏறிவிடுவார். மோசமான நாளின் பதிவு கையில் இருக்க வேண்டும்.

அட்டை வந்த பிறகு அடுத்த கேள்வி, எந்த அரசு? இந்தப் பகுதியின் தனிச் சிக்கல் இது. ஆல்பேட்டை தாண்டி முள்ளோடை வந்தால் புதுச்சேரி. பாகூர்ப் பக்கம் ஒரு ஊர் புதுச்சேரியாகவும் அடுத்த ஊர் கடலூர் மாவட்டமாகவும் இருக்கும். வைத்தியத்துக்கு எல்லை கிடையாது. ஜிப்மர் மத்திய அரசின் நிறுவனம், யாரும் போகலாம். உதவித்தொகைக்கு அப்படியில்லை. குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் எந்த முகவரி இருக்கிறதோ அந்த அரசுதான் தரும். கடலூர்க்காரர் கடலூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு வர வேண்டும். புதுச்சேரிக்காரர் அங்குள்ள சமூக நலத்துறைக்குப் போக வேண்டும். மகள் வீட்டுக்குப் புதுச்சேரிக்கு வந்து தங்கிய அம்மாவுக்கு முகவரி மாற்றாமலேயே ஒரு வருடம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். வைத்தியம் அங்கே, சலுகை இங்கே என்று இருப்பதில் தவறில்லை. ஆனால் எந்த முகவரி என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

தமிழ்நாட்டில் பார்க்கின்சன், தண்டுவட மரப்பு உள்ளிட்ட நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகளுக்கும், தசைச்சிதைவுக்கும், 75 சதவீதத்துக்கு மேற்பட்ட கடும் பாதிப்புக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. இது பெரிய தொகை இல்லை. பெரியப்பாவின் மாத்திரைச் செலவுக்கும் ஆட்டோவுக்கும் சரியாகப் போகும். ஆனாலும் வருமானம் நின்றுபோன மனிதருக்குத் தன் பெயரில் ஒரு பணம் வருவது வேறு விஷயம். அது வந்த மாதம் பெரியப்பா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் கடலூர் மாவட்டம் முதல் கட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, உபகரணங்கள், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர அதில் விழுதுகள் என்ற சேவை மையங்கள் அமைக்கப்படுகின்றன. உங்கள் வட்டாரத்துக்கு எது பக்கம் என்று நல அலுவலகத்தில் கேளுங்கள். விண்ணப்பம் எங்காவது சிக்கி நின்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். மனு எண் இருந்தால் பின்தொடர முடியும்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முதல்வர் காப்பீட்டு அட்டையில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் அது முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. மாதாமாதம் வாங்கும் மாத்திரை அதில் வராது. அரசு மருத்துவமனை மருந்தகம், மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் இவற்றில்தான் அந்தச் செலவைக் குறைக்க முடியும்.

வீட்டுக்கு வரும் உதவியில் எனக்கு மிகவும் பிடித்தது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வரும் திட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதிலேயே வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுப்பதும், படுக்கையில் கிடப்பவர்களுக்கான வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. கேட்டால்தான் பெயர் பட்டியலில் ஏறும். உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லிவையுங்கள். பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம்தான் தேறுதல் வேகமாக நடக்கும் காலம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், கொஞ்சம் தெம்பு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று படுக்க வைத்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம். அன்பில் செய்வதுதான், ஆனால் பொன்னான நாட்கள் போய்விடுகின்றன.

பிசியோதெரபிஸ்ட் வந்தால் வீட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரியப்பாவுக்கு நிலைப்படி வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். பார்க்கின்சனில் இது சகஜம். வாசல், குறுகலான இடம், திரும்பும் இடம் இங்கெல்லாம் கால் உறைந்து நின்றுவிடும். வந்த பெண் தரையில் குறுக்குக் கோடுகள் போட்டு, ஒவ்வொன்றையும் தாண்டச் சொன்னார். கண்ணுக்கு ஒரு இலக்கு கிடைத்தால் மூளை வேறு வழியில் காலைத் தூக்கிவிடுகிறது. மறுநாளிலிருந்து பெரியம்மா வாசலில் கோலம் போட்ட கையோடு உள்ளே நிலைப்படிக்கு முன்னாலும் ஆறு கோடு இழுத்துவிடுவார், ஒரு அடிக்கு ஒன்றாக. பெரியப்பா அதை எண்ணிக்கொண்டே தாண்டுவார். அவருடைய மாத்திரையையும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு கொடுக்கச் சொன்னார்கள். பருப்பு, முட்டை, சுண்டல் மாதிரி புரதம் நிறைந்த உணவோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. இந்தச் சின்ன விஷயம் ஐந்து வருடமாக எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

இன்னொன்று, இது கடற்கரை மாவட்டம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல். கரண்ட் போய், சாலையில் மரம் விழுந்து, மருந்துக் கடை திறக்காத நாட்களை இங்கே எல்லாரும் பார்த்திருக்கிறோம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரலாம். பார்க்கின்சன் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு விறைத்துக் காய்ச்சல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஐப்பசி பிறக்கும்போதே இரண்டு வார மாத்திரை கூடுதலாக வாங்கித் தண்ணீர் படாத டப்பாவில் வையுங்கள். காற்றுப் படுக்கையில் கிடப்பவர் இருந்தால், கரண்ட் இல்லாத நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கையால் புரட்டிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டே நாளில் புண் வந்துவிடும்.

வேலை விஷயத்தில் இந்த மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு உலகம் இருக்கிறது. அரசு ஊழியரோ, நெய்வேலி என்.எல்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனத்தில் நிரந்தரமாக இருப்பவரோ, பணிக்காலத்தில் நோய் வந்து பழைய வேலையைச் செய்ய முடியாமல் போனால், 2016 சட்டத்தின் 20ஆம் பிரிவு அவரைக் காக்கிறது. வேலையை விட்டு அனுப்பவோ பதவியைக் குறைக்கவோ முடியாது. அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். இது தெரியாமல் விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். தேவனாம்பட்டினத்தில் படகில் போகிறவருக்கோ, பண்ருட்டியில் பலா மரம் ஏறுகிறவருக்கோ இப்படி ஒரு பிரிவு இல்லை. வலிப்பு உள்ளவர் தனியாகக் கடலுக்குப் போகக் கூடாது, மரம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்வார். சொல்வது சரிதான். மாற்று வேலையை யார் தருவது என்பதில்தான் நம் திட்டங்கள் மிகவும் பின்தங்கியிருக்கின்றன.

வலிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே உதவிக்குக் குறுக்கே நிற்பது நம் பழக்கம்தான். பேருந்து நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் நாலு பக்கமும் இரும்புச் சாவி நீள்கிறது. இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும், அப்போது கையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் போய்ச் சேருகிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துண்டு வையுங்கள், வாயில் ஸ்பூனோ தண்ணீரோ வேண்டாம், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. வலிப்பு உள்ளவர்களில் பத்தில் ஏழு பேர் வரை ஒழுங்காக மருந்து எடுத்தால் வலிப்பே இல்லாமல் வாழ முடியும். கல்யாணம் ஆகாது என்று பயந்து பெண்ணின் மருந்தை மறைத்து வைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது உண்மைதான். அதை 1999லேயே நீக்கிவிட்டார்கள். பெண்கள் கல்யாணத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. சில வலிப்பு மருந்துகள் கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும். அவற்றை முன்கூட்டியே, படிப்படியாக, மருத்துவர் சொல்படி மாற்ற வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

பணம், கையெழுத்து விவகாரங்களைத் தள்ளிப்போடாதீர்கள். கை நடுங்கக் கையெழுத்து மாறிவிடும். மறதிநோயில் ஒரு கட்டத்துக்கு மேல் ஒப்புதலே கேட்க முடியாது. ஆரம்பத்திலேயே வங்கிக் கணக்கில் துணையின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கிளை மேலாளரிடம் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

கடைசியாக, நோயாளியைப் பார்த்துக்கொள்பவரைப் பற்றி. 2016 சட்டத்தின் 38ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுபவர் அதைக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்கிறது. மனது தாங்காத ராத்திரிகளில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் கூப்பிட வேண்டும் என்றில்லை. முதியவர்களுக்கான உதவி எண் 14567. ஆனால் ஒரு நாள் நல அலுவலகத்தில் ஒருவர் பெரியம்மாவிடம், "உங்களுக்கு வேற என்னம்மா வேணும்?" என்று அன்பாகவே கேட்டார். பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "வாரத்துல ஒரு நாள் ரெண்டு மணி நேரம் யாராச்சும் இவர் பக்கத்துல உக்காந்தா, நான் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு வருவேன்" என்றார். அந்த அலுவலரிடம் அதற்கு ஒரு படிவம் இல்லை. பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு தரும் சேவை, பகல் பராமரிப்பு மையம், இதெல்லாம் இந்தப் பகுதியில் பெரியவர்களுக்குக் கிடைப்பது அரிது. சிறப்புக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் இருக்கின்றன. பதினெட்டு வயதானதும் அவர்களும் வீட்டுக்குள்தான்.

இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவருடைய அப்பா பக்கவாதத்தில் கிடந்தபோது பெரியம்மா போய் உட்கார்ந்தாராம். பெரியப்பாவுக்கு ஆறு மணி மாத்திரையை எப்போது, எதோடு கொடுக்க வேண்டும் என்று அந்த நாற்பது பக்க நோட்டின் பின் அட்டையில் பெரியம்மா எழுதி வைத்திருக்கிறார். ஏழரைக்குத் திரும்பி வரும்போது அவர் தலையில் கொஞ்சம் மல்லிகை இருக்கும்.